நீதான் எதையாவது அழுத்தியிருப்ப

கம்ப்யூட்டரில் ஒரு கோளாறு என்று மேலே இருக்கிறவர்களிடம் சொன்னால் முதலில் வருகிற பதில் ஒன்றுதான். "நீதான் எதையாவது அழுத்தியிருப்ப." கொஞ்சம் மரியாதை தெரிந்த ஆளாயிருந்தால் "அழுத்தியிருப்பீங்க" என்பார். சாப்ட்வேர்க்காரர்கள் மத்தியில் இதற்கு ஒரு பழைய கிண்டலே உண்டு. கோளாறு விசைப்பலகைக்கும் நாற்காலிக்கும் நடுவில் இருக்கிறதாம். அதாவது உட்கார்ந்திருக்கிற ஆள்தான் கோளாறு. கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் போகலாம். அந்த நாற்காலியில் போய் உட்காருவதற்கே நம்ம ஜனங்களுக்கு எத்தனை தலைமுறை ஆனது என்று தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வராது. 'இதுங்களுக்கு இதெல்லாம் எங்க வரப்போவுது' என்று அந்தக் காலத்தில் சொன்னதைத்தான் இப்போது ஏ.சி. ரூமில் உட்கார்ந்து போனில் சொல்கிறார்கள்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனியின் டைம் ஆபீசில் சில வருஷம் வேலை பார்த்தவள். கம்பெனி பேர் இங்கே வேண்டாம். டைம் ஆபீஸ் என்றால் கேட்டுக்குப் பக்கத்திலே இருக்கும் சின்ன ரூம். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான், எத்தனை மணி நேரம் ஓ.டி. பார்த்தான் என்று கணக்கு வைக்கிற இடம். மஸ்டர் ரோல், கேட் பாஸ், லீவு சீட்டு எல்லாம் அங்கேதான். உள்ளே பர்னஸில் இரும்பு உருகுவதை நான் பார்த்தது ரெண்டு மூணு தரம்தான். ஆனால் அந்த பர்னஸ் பக்கத்தில் நின்றவர்கள் எத்தனை மணி நேரம் நின்றார்கள் என்பது முழுக்க என் கையில் இருந்தது. அவர்கள் வீட்டில் உலை கொதிப்பது அந்தக் கணக்கை வைத்துத்தான்.

2013 கடைசியில் எங்களுக்குப் புது சாப்ட்வேர் வந்தது. கார்டைத் தேய்த்தால் நேரம் ஏறும். மாசக் கடைசியில் ஒரு பட்டனை அழுத்தினால் சம்பளக் கணக்கு தானாக ஓடும். முதல் மாசமே ஒரு விஷயம் இடித்தது. மதியம் ரெண்டு மணி ஷிப்டுக்கு வந்தவன் ராத்திரி பத்து மணிக்குப் போகணும். பத்து மணி ஷிப்டில் ஆள் குறைந்தால் சூப்பர்வைசர் அவனையே இன்னொரு நாலு மணி நேரம் நிற்கச் சொல்வார். விடிகாலை ரெண்டு மணிக்கு அவன் கார்டைத் தேய்த்து வெளியே போவான். அதற்குள் தேதி மாறிவிடுகிறது. நேற்று உள்ளே வந்தவன் இன்றைக்கு வெளியே போகிறான். இதை அந்த சாப்ட்வேர் பெர்மனன்ட் ஆட்களுக்குச் சரியாகச் சேர்த்தது. கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சேர்க்கவில்லை. அதனால் அவர்களுக்கு மட்டும் சூப்பர்வைசர் எழுதிக்கொடுக்கும் ஓ.டி. சீட்டைப் பார்த்து நான் கையால் '4' என்று போட்டு சேவ் பண்ணுவேன். 'பதிவாகிவிட்டது' என்று மிஷின் சொல்லும். திரும்பத் திறந்து பார்த்தால் நாலு இருக்கும். மாசக் கடைசியில் சம்பளக் கணக்கை ஓட்டிய பிறகு திறந்தால் சைபர்.

கான்ட்ராக்ட் ஆட்கள் யார் என்று இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, எளாவூர், ஆரம்பாக்கம் பக்கத்துக் காலனிகளிலிருந்து சைக்கிளிலும் ஷேர் ஆட்டோவிலும் வருகிற நம்ம ஆளுங்க. அப்புறம் ஒரிசா, பீகாரிலிருந்து வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கிற பையன்கள். அவர்களும் பெரும்பாலும் அவர்கள் ஊரில் நம்மைப் போலத்தான் என்று பேசப்பேசத் தெரிந்தது. அப்போது நடப்பில் இருந்த 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆம் பிரிவுப்படி ஓ.டி.க்கு ரெட்டிப்புக் கூலி தரணும். நாலு மணி நேரத்துக்கு எட்டு மணி நேரக் கூலி. ஒரு ராத்திரி கணக்கில் ஏறவில்லையென்றால் ஒரு முழு நாள் கூலி போச்சு.

சம்பள நாளில் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார்கள். "இன்னா பாப்பா, நாலு நைட்டு நின்னேன், ஒரு ரூவா ஏறலயே?" நான் என்ன சொல்வது? "நான் போட்டேன் சித்தப்பா, மிஷின்ல நிக்கல" என்பேன். நான் சித்தப்பா என்று கூப்பிட்டவர் எங்களுக்கு அடுத்த காலனி, முறையும் அதுதான். ஐம்பது வயசு தாண்டியவர். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். பக்கத்தில் நிற்கிற இளவட்டங்கள் சும்மா இருக்கமாட்டார்கள். "நம்ம தெருப் பொண்ணு உள்ள போய் உக்காந்துச்சேன்னு பார்த்தோம். அவுங்ககூடச் சேர்ந்துக்கினு நம்ம கூலியிலயே கை வெக்குதே." இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. உள்ளே மேனேஜர் என்னைத் 'தப்பாகப் போட்ட பெண்' என்று நினைக்கிறார். வெளியே என் சொந்த ஜனம் என்னைத் திருடி என்று நினைக்கிறது.

சாப்ட்வேர் விற்ற கம்பெனிக்கு மெட்ராசில் ஒரு சர்வீஸ் நம்பர் இருந்தது. எத்தனை தரம் பேசினேன் என்று கணக்கில்லை.

"எந்த பட்டனை அழுத்தினீங்க மேடம்?"

"சேவ்."

"அதுக்கு முன்னாடி?"

"நம்பரைப் போட்டேன், தேதி போட்டேன், ஓ.டி. கட்டத்துல நாலு போட்டேன், சேவ் அழுத்தினேன்."

"அப்படி ஆகாதே மேடம். வேற எதையோ அழுத்தியிருப்பீங்க."

'அப்படி ஆகாதே' என்பதெல்லாம் ஒரு பதிலா? எங்க ஊர் டீக்கடையில் நமக்குத் தனி கிளாஸ் இருக்கிறது என்று ஒரு காலத்தில் போய் மனு கொடுத்தபோது தாலுக்கா ஆபீசிலும் இதே சொல்லைத்தான் சொன்னார்கள் என்று எங்கப்பா சொல்வார். "அப்படியெல்லாம் இருக்காதே." இருக்கிறது என்று சொல்கிறவன் வாய்ச்சொல் ஒரு தட்டில், இருக்காது என்று சொல்கிறவன் வாய்ச்சொல் இன்னொரு தட்டில். எது கனமாக இருக்கும் என்பது இரண்டு பேரும் வாயைத் திறக்கும் முன்னமே முடிவாகிவிடுகிறது. ஒருநாள் போனை வைக்காமலே அந்தப் பையன் பக்கத்து ஆளிடம் பேசியது என் காதில் விழுந்தது. "டிரெய்னிங் குடுத்தாலும் ஏறாதுடா, கோட்டாவுல பாஸ் பண்ணி வந்திருக்கும்." என் ஜாதி அவனுக்குத் தெரியாது. கும்மிடிப்பூண்டி, டைம் ஆபீஸ், தமிழ் மீடியம் இங்கிலீஷ் என்பதையெல்லாம் கூட்டி அவனே கண்டுபிடித்துக்கொண்டான்.

இப்படி அஞ்சு மாசம் ஓடியது. ஆறாவது மாசம் பிரின்டர் பார்க்க ஒரு சர்வீஸ் பையன் வந்தான். மீஞ்சூர்ப் பக்கம். எந்தத் தெரு என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் போனில் மன்றாடுவதைக் கேட்டுக்கொண்டே டோனரை மாற்றியவன், "யக்கா, வாயால சொல்லாதீங்க. அதுக்கே ஒரு சாமான் கீது" என்றான். ஸ்டார்ட்டை அழுத்தி, தேடுகிற கட்டத்தில் 'பி.எஸ்.ஆர்.' என்று மூன்று எழுத்தை இங்கிலீஷில் அடித்தான். ஒரு சின்னப் பட்டை மாதிரி ஒன்று திரையில் வந்து நின்றது. பதிவைத் தொடங்க ஒரு பட்டன், நிறுத்த ஒரு பட்டன், குறிப்பு எழுத ஒரு பட்டன். அவ்வளவுதான்.

விண்டோஸ் 7 என்று 2009-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்டதே, அதற்குள்ளேயே இந்தச் சாமானை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கோளாறை எப்படி வரவழைத்தோமோ அதைப் படிப்படியாகப் பதிவு பண்ணி, சரிபார்க்கிறவனுக்கு அனுப்புவதற்கு என்றே செய்தது. தொடங்கிவிட்டு நாம் பாட்டுக்கு வேலையைச் செய்யணும். ஒவ்வொரு தரம் கிளிக் பண்ணும்போதும் திரையை ஒரு படம் பிடித்துக்கொள்ளும். எந்த இடத்தில் கிளிக் பண்ணினோமோ அதைச் சுற்றிப் பச்சைக் கோடு போடும். மேலே ஒரு வரி எழுதும். இன்ன தேதி, இன்ன மணி, இன்ன நிமிஷம், இன்ன செகண்டு, யூசர் இன்ன பட்டனில் இடது கிளிக் செய்தார் என்று இங்கிலீஷில் இருக்கும். நிறுத்தியதும் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சுருட்டிக் கொடுத்துவிடும். கடைசியில் என்ன விண்டோஸ், என்ன சாப்ட்வேர், எந்தப் பதிப்பு என்ற விவரமும் சேர்ந்துவரும்.

பையன் இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போனான். இரண்டும் முக்கியம். ஒன்று, அது தானாக 25 படம்தான் வைத்துக்கொள்ளும். அதற்கு மேலே போனால் பழசு போய்விடும். முதலிலேயே அமைப்புக்குள் போய் 100 என்று மாற்றிவிடணும். இரண்டாவது, நாம் டைப் பண்ணுகிற எழுத்தை அது எழுதிக்கொள்ளாது. பாஸ்வேர்டு வெளியே போகாமலிருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் கட்டத்தில் '4' என்று போட்டால் அந்த நாலு பதிவில் வராது. போட்டுவிட்டு எங்கேயாவது ஒரு கிளிக் பண்ணினால், அந்தக் கிளிக்குக்குப் பிடிக்கிற படத்தில் நாலு தெரியும்.

அந்த மாசக் கடைசியில், ஒரே ஒரு ஆளின் கணக்கை மட்டும் ஓட்டிப் பதிவு பண்ணினேன். சித்தப்பாவின் நம்பரைத்தான் எடுத்தேன். மொத்தம் 23 படி. 9-ஆம் படியில் ஓ.டி. கட்டத்தில் நாலு. 11-ஆம் படியில் 'பதிவாகிவிட்டது'. 14-ஆம் படியில் திரும்பத் திறந்து பார்க்கிறேன், நாலு இருக்கிறது. 17-ஆம் படியில் சம்பளக் கணக்கை ஓட்டுகிற பட்டன். 23-ஆம் படியில் திரும்பத் திறக்கிறேன், சைபர். நடுவில் எந்த இடத்திலும் நான் அந்தக் கட்டத்தைத் தொடவே இல்லை. திரையின் ஓரத்தில் கடிகாரம் வேறு ஓடுகிறது. முழுக்க ஆறு நிமிஷம்கூட இல்லை.

அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தபோது எனக்கு ஏதோ பண்ணியது. நான் அஞ்சு மாசமாகப் போனில் சொன்னது அத்தனையும் அங்கே அப்படியே இருந்தது. அதில் நான் 'யூசர்'. மேடமும் இல்லை, பாப்பாவும் இல்லை, கோட்டாவும் இல்லை, காலனியும் இல்லை. யூசர் இதை அழுத்தினார், அது நடந்தது. போனில் அதே 'யூசர்' என்ற சொல்லைச் சொல்லித்தான் என்னைக் கேவலப்படுத்தினார்கள். யூசர் மிஸ்டேக், யூசர் மிஸ்டேக் என்று.

கோப்பை அனுப்பிவிட்டு, பிரின்டும் எடுத்து மேனேஜர் மேஜையில் வைத்தேன். மூன்றாம் நாள் மெட்ராசிலிருந்து அவர்களே போன் பண்ணினார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கென்று சாப்ட்வேரில் ஒரு தனி வகை வைத்திருக்கிறார்கள். 'ஷிப்டு தேதி தாண்டலாம்' என்ற இடத்தில் அந்த வகைக்கு ஒரு டிக் போடாமல் விட்டிருக்கிறார்கள். அதனால் கணக்கை ஓட்டும்போதெல்லாம் மிஷின் தானாக அந்த நேரத்தைத் தள்ளிவிட்டிருக்கிறது. ஒரே ஒரு டிக். பெர்மனன்ட் ஆட்களுக்குப் போட்டவர்களுக்கு கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் போடத் தோன்றவில்லை. வேணுமென்று செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நினைப்பில் வராதவர்களுக்குத்தான் டிக் விட்டுப்போகும். "சாரி மேடம்" என்றுகூட அந்தப் பையன் சொல்லவில்லை, "சரிபண்ணிட்டோம்" என்றான்.

அந்த மாசத்து ஓ.டி. எல்லாருக்கும் வந்தது. முந்தைய அஞ்சு மாசத்துக்கு? "அதுக்கு ஆதாரம் எங்கம்மா?" என்றார் மேனேஜர். சூப்பர்வைசர் கொடுத்த ஓ.டி. சீட்டுகளை மாசாமாசம் கணக்கு முடிந்ததும் கிழித்துப்போடுவது வழக்கம். அப்போதுதான் சித்தப்பா ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். உள்ளே தினசரி காலண்டர் தாள்கள். அஞ்சு மாசத்தில் எந்தெந்த ராத்திரி நின்றாரோ அந்தந்தத் தேதித் தாளைக் கிழித்து, பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் '2 மணி' என்று எழுதி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். கூட நின்றவர்கள் பேரும் சிலதில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற மனுஷன். சாப்ட்வேர் வருவதற்கு முன்னாலிருந்தே அப்படித்தானாம். "கல்லு ஒடைக்கிற எடத்துல மேஸ்திரி ஏமாத்துவான். அப்ப புடிச்ச பழக்கம்" என்றார்.

மேனேஜர் அந்தத் தாள்களைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் யார் வேணா எழுதலாம்." நான் கொடுத்த பிரின்டை ஏற்றுக்கொண்ட அதே மேஜைதான். எனக்கு வந்த சந்தோஷம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது. அவர் வைத்திருந்த தாளில் தேதி அச்சடித்திருந்தது, நேரம் இருந்தது, சாட்சிக்காரர் பேர் இருந்தது. இல்லாதது ஒன்றுதான். அதை எழுதியது மிஷின் இல்லை, ஒரு பறையன். மிஷின் சொன்னால் நம்புவேன், நீ சொன்னால் நம்பமாட்டேன் என்பதைத்தான் அவர் வேறு வார்த்தையில் சொன்னார். நானும் அதே மிஷினை வைத்துத்தான் ஜெயித்தேன் என்பது இன்றைக்கு வரைக்கும் உறுத்துகிறது.

இது கும்மிடிப்பூண்டிச் சமாச்சாரம் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் தபால் ஆபீசுகளுக்கு 1999-இலிருந்து 'ஹொரைசன்' என்று ஒரு கணக்கு சாப்ட்வேர் வைத்தார்கள். புஜிட்சு கம்பெனி செய்தது. கணக்கில் காசு குறைகிறது என்று அது காட்டும். ஆபீஸ் நடத்துகிறவர்கள் 'எங்கள் தப்பு இல்லை' என்று உதவி நம்பருக்குப் போன் பண்ணினால், உங்களுக்கு மட்டும்தான் இப்படி ஆகிறது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். 2015 வரைக்கும் 900 பேருக்கு மேல் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். இந்தியாவில் பிறந்த சீமா மிஸ்ரா என்ற பெண் 2010-இல் வயிற்றில் பிள்ளையோடு ஜெயிலுக்குப் போனார். ஆலன் பேட்ஸ் என்பவர் முன்னால் நிற்க 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டு, சாப்ட்வேரில்தான் கோளாறு என்று 2019-இல் தீர்ப்பு வாங்கினார்கள். சீமா மிஸ்ராவின் தண்டனை 2021-இல் ரத்தானது. மிச்சமிருந்தவர்களை மொத்தமாக விடுவிக்க 2024-இல் தனிச் சட்டமே போட வேண்டிவந்தது. இன்னொன்றும் 2023-இல் வெளியே வந்தது. விசாரணை பண்ணின ஆட்கள் கையில், சந்தேகப்படுகிறவர்களைத் தோல் நிறத்தையும் இனத்தையும் வைத்து வகைபிரிக்க ஒரு பட்டியல் இருந்திருக்கிறது. நாம் ஆச்சரியப்பட அதில் ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு கொடுமை, அந்த நாட்டுக் கோர்ட்டில் கம்ப்யூட்டர் சரியாகத்தான் வேலை செய்கிறது என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்கிறவன்தான் அதற்கு ஆதாரம் காட்டணும். கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற அந்தச் சந்தேகத்தின் பலனை மனுஷனுக்குக் கொடுத்திருந்தால் அத்தனை குடும்பம் நாசமாகியிருக்காது.

நம்ம பக்கத்திலேயே பழைய உதாரணம் உண்டு. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-இல்தான். அதற்கு முன் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி எல்லாம் செங்கல்பட்டு ஜில்லா. 1891-இல் அந்த ஜில்லாவின் கலெக்டர் திரமென்ஹீர் செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றி எழுதிய அறிக்கை நம் எல்லாருக்கும் தெரியும். பஞ்சமி நிலம் அதிலிருந்துதான் வந்தது. தரிசு நிலம் கேட்டுப் பறையன் தர்காஸ்து மனு போட்டால் அது எங்கே போய் நிற்கிறது, மிராசுதாருக்கு எப்படி முன்னுரிமை போகிறது என்று அவர் படிப்படியாக எழுதிவைத்தார். அவர் எழுதியதில் ஒன்றுகூடச் சேரியில் இருந்தவனுக்குத் தெரியாதது இல்லை. மனு போட்டவனுக்கே தெரிந்த கதைதான். கலெக்டர் கையால் எழுதிய பிறகுதான் சர்க்கார் காதில் விழுந்தது. திரமென்ஹீரை நான் குறைசொல்லவில்லை. சித்தப்பாவின் மஞ்சள் பை நினைவு வரும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து நினைவு வருகிறது.

பதிவின் பலம் சட்டத்துக்கும் தெரியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது 15-ஏ பிரிவில், இந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்கள் சம்பந்தப்பட்ட நடவடிக்கைகள் எல்லாவற்றையும் வீடியோவில் பதிவு செய்யணும் என்று எழுதினார்கள். வழக்குக்குப் போகிற தோழர்கள் அதைக் கேட்டு வாங்கணும். கேட்காவிட்டால் யாரும் தானாகத் தரமாட்டார்கள். அதேபோல, கம்ப்யூட்டரில் எடுத்த பதிவைக் கோர்ட்டில் கொடுக்கும்போது அது எந்த மிஷினில், யார் பொறுப்பில், எப்படி எடுத்தது என்று ஒரு சான்றிதழ் சேர்க்கணும். முன்னே சாட்சியச் சட்டம் 65-பி. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவு. சான்றிதழ் இல்லையென்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் தள்ளிவிடுவார்.

கம்பெனியில் அப்புறம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. "யாரைக் கேட்டு ரெக்கார்டு பண்ணினே?" என்று மட்டும் கேட்டார்கள். அடுத்த மாசம் பி.எஸ்.ஆர். என்று அடித்தால் ஒன்றும் வரவில்லை. அதை நிறுத்திவைக்க விண்டோசிலேயே ஒரு வழி இருக்கிறது, ஐ.டி. ஆட்கள் அதைச் செய்துவிட்டார்கள். பென் டிரைவ் போடுகிற ஓட்டையையும் மூடினார்கள். ரெண்டு மாசம் கழித்து எங்கள் மூன்று மிஷினிலும் வேறொரு சாமான் வந்து உட்கார்ந்தது. நாங்கள் என்ன திறக்கிறோம், எத்தனை நிமிஷம் சும்மா இருக்கிறோம் என்று மேனேஜர் ரூமுக்குச் சொல்கிற சாமான். அதற்குத் தொடங்க, நிறுத்த என்று எங்கள் பக்கம் பட்டன் எதுவும் கிடையாது.

இப்போது அந்தச் சின்னக் கருவிக்கே முடிவு வந்துவிட்டது. 2023-இல் மைக்ரோசாப்ட் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. விண்டோஸ் 11-இல் அதைத் திறந்தால், இது போகப்போகிறது, வேறு ஒன்றைப் பயன்படுத்து என்று மேலேயே எழுதிக் காட்டுகிறது. அதற்குப் பதில் திரையை வீடியோவாகப் பிடிக்கிற வசதிகளைச் சொல்கிறார்கள். வீடியோ நல்லதுதான், செல்போனிலேயே எடுக்கலாம். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. வீடியோவைப் பிரின்ட் எடுக்க முடியாது, மனுவோடு சேர்த்துத் தைக்க முடியாது, '9-ஆம் படியைப் பாருங்கய்யா' என்று விரலை வைத்துக் காட்ட முடியாது. ஆபீசர் ஆறு நிமிஷம் உட்கார்ந்து பார்க்கணும். யார் பார்க்கிறார்கள்?

அதனால் எங்கள் காலனியில் சாயங்காலம் நடக்கிற படிப்பு மையத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறோம். உதவித்தொகைக்கும் சாதிச் சான்றுக்கும் பிள்ளைகள் ஆன்லைனில் விண்ணப்பம் போடும்போது எங்கேயாவது நின்றால், நோட்டில் எழுதணும். தேதி, மணி, எந்தப் பக்கம், எதை அழுத்தினோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது. வந்த வாசகத்தைச் சுருக்காமல், எழுத்துப்பிழையோடு இருந்தாலும் அப்படியே எழுதணும். திரையைப் படம் பிடித்து எண் போட்டு, அந்த எண்ணையும் பக்கத்தில் எழுதணும். கூட இருந்தவர் ஒருவர் கையெழுத்துப் போடணும். படத்தை வெளியே அனுப்பும் முன் பேர், ஆதார் எண், சாதி, அப்பா பேர், பேங்க் எண் எல்லாவற்றையும் கறுப்படிக்கணும். இதில் நான் கறார். நம்ம பிள்ளை சாதி என்ன என்று ரிப்பேர் பார்க்கிறவனுக்குத் தெரியவேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. கோளாறைச் சொல்லப்போய் நம்மையே கட்டவிழ்த்துக் காட்டிவிட்டு வரக்கூடாது.

போன மாசம் ப்ளஸ் டூ முடித்த ஒரு பெண் எழுதிய பக்கம் இது. "ராத்திரி 11.42. ஏழாவது படி. வருமானச் சான்றை ஏற்றினேன். 200 கேபிக்குக் கீழேதான் இருக்கிறது. 'கோப்பு பெரிதாக உள்ளது' என்று வருகிறது. மூன்று தரம் செய்தேன், மூன்று தரமும் அதேதான். சாட்சி: என் அம்மா." அம்மாவுக்குக் கையெழுத்துத் தெரியாது. கைநாட்டு வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தை நகலெடுத்து, படங்களோடு சேர்த்து, அந்த ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். ஒப்புதல் அட்டை வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.